புல்லு வெட்டுற ஆள் ஸ்நோவுக்கு என்ன விலை சொல்லோணும்

ஒக்டோபர் வந்தா புல்லு வெட்டுற பெடியள் எல்லாருக்கும் ஒரே யோசனைதான். புல்லு வளர்றது நிண்டுட்டுது, இலை கூட்டுற வேலை இன்னும் மூண்டு நாலு கிழமைக்கு இழுக்கும், அதுக்குப் பிறகு ஏப்ரல் கடைசி மட்டும் ட்ரக் சும்மா நிக்கும், ஆனா ட்ரக்குக்குக் கட்டுற மாசக் காசு சும்மா நிக்காது. அப்ப வீட்டு வாசலில கொட்டுற ஸ்நோ (பனி) வழிக்கிற வேலையும் எடுப்பம், கஸ்டமர்தான் ஏற்கனவே இருக்கினமே எண்டு தொடங்குவினம். அதில பிழையில்லை, ரொறன்ரோப் பக்கம், ஸ்காபரோ மார்க்கம் ஏஜக்ஸில, எங்கட ஆக்கள் கனபேர் அப்பிடித்தான் ஓடுறம். பிழை விடுறது விலை சொல்லுற இடத்தில. புல்லுக்கு மாசம் இவ்வளவு வாங்கிறம், ஸ்நோவுக்கும் அவ்வளவு போடுவம், பக்கத்து ரோட்டுக்காரன் வின்டர் முழுக்க 350 டொலருக்குச் செய்யிறானாம் நாங்கள் 325 எண்டு சொல்லுவம், இப்பிடித்தான் முக்கால்வாசி விலையும் இந்த ஊரில பிறக்குது.

புல்லையும் ஸ்நோவையும் ஒரே தொழில் எண்டு நினைக்கிறதாலதான் இது. செவ்வாய்க்கிழமை மழை பெய்தா புல்லை புதன்கிழமை வெட்டலாம், வியாழனும் வெட்டலாம், ஒருத்தரும் பெரிசா ஒண்டும் சொல்ல மாட்டினம். ஸ்நோவில அந்தக் கதை இல்லை. உங்களிட்ட இருக்கிற அத்தனை வீட்டுக்கும் ஒரே இரவில கொட்டும், அத்தனை பேரும் விடிய ஏழரைக்குள்ள காரை வெளிய எடுக்கோணும், ஆறே முக்காலுக்கு ஃபோன் அடிக்கத் தொடங்கும். பத்து மணிக்குப் போய் நல்ல வடிவா வழிச்சுக் குடுத்தாலும் அதுக்கு மதிப்பில்லை, ஏனெண்டா அந்த மனுசன் ஏற்கனவே ஸ்நோ தள்ளுற சவலை எடுத்து ஒரு பக்கம் தள்ளிப்போட்டு வேலைக்குப் போயிருப்பார், போகேக்க உங்களைப் பேசிக்கொண்டு போயிருப்பார். கஸ்டமர் காசு தாறது அந்த நேரத்துக்கு. அதால விலையையும் அந்த நேரத்தை வைச்சுத்தான் போடோணும், வீட்டுக்கு முன்னால கார் விடுற ட்ரைவ்வேயின்ர அளவு அதுக்குப் பிறகுதான்.

அளவைப் பற்றியும் ஒரு வசனம் சொல்லிப்போட்டுப் போறன். ரெண்டு கார் பக்கத்தில பக்கத்தில நிக்கிற ட்ரைவ்வே ஒண்டை 6 மீற்றருக்கு 10 மீற்றர் எண்டு வையுங்கோ. 15 செ.மீ. கொட்டினா அது 9 கன மீற்றர். புதுசா விழுந்த பஞ்சு மாதிரி ஸ்நோவே ஒரு கன மீற்றர் 100 கிலோ அளவில வரும், அப்ப 900 கிலோ. மார்ச்சில வாற ஈர ஸ்நோ எண்டா அதைவிட ரெண்டு மூண்டு மடங்கு. ரெண்டு தொன் பாரத்தை ஒரு வீட்டில தள்ளப்போறீங்கள், அதுவும் நித்திரை முழிச்சு. இதை 15 டொலருக்குச் செய்யிறன் எண்டு சொல்லுற பெடியன் நல்ல பெடியனாத்தான் இருப்பான், ஆனா பெப்ரவரியில ஃபோன் எடுக்க மாட்டான்.

சரி கணக்குக்கு வருவம். ஸ்நோ ஒரு மணி ரெண்டு மணிக்கு ஓயுது, மூண்டு மணிக்கு வெளிக்கிட்டு ஏழரைக்குள்ள முடிக்கோணும் எண்டா கையில இருக்கிறது நாலரை மணித்தியாலம், 270 நிமிசம். ரெண்டு பேர், ஒராள் ஸ்நோவை அள்ளி வீசுற பெரிய ப்ளோவர் மெசின், மற்றாள் சவலோட வாசல் படியும் நடைபாதையும். 8, 10 செ.மீ. ஸ்நோவில ஒரு வீட்டுக்கு 12 நிமிசம், மெசினை ஏத்தி இறக்கி அடுத்த வீட்டுக்குப் போக 4 நிமிசம். 16 நிமிசத்துக்கு ஒரு வீடு, அப்ப 16, 17 வீடு செய்யலாம். இதே வீடுகள் ஒண்டு மோர்னிங்சைட்டில ஒண்டு பிரிம்லியில ஒண்டு பொக்ஸ் குரோவில எண்டு சிதறிக் கிடந்தா 4 நிமிசம் 10 நிமிசமாப் போகும், 12 வீட்டுக்கு மேல ஏலாது. அஞ்சு வீட்டுக் காசு பெற்றோலாப் போட்டுது. இனி 25 செ.மீ. கொட்டின நாளை யோசியுங்கோ, 12 நிமிச வேலை 25 நிமிசம் ஆகும், ரோட்டும் திறந்திருக்காது, ஒன்பது வீடு முடிக்கேக்க ஏழரை.

அப்ப எத்தினை வீடு எடுக்கிறது? 17 எடுத்தா பெரிய நாளில அரைவாசிப் பேர் பேசுவினம், ஒன்பது எடுத்தா சாதாரண நாளில மெசின் ஏழெட்டு வீட்டுக்குச் சும்மா. நான் செய்யிறது, கொன்ராக்டில எழுதிப் போடுறது: 20 செ.மீ.க்கு மேல கொட்டினா முதல் சுற்றில ஒரு கார் போற அகலத்துக்குத் திறந்து விடுவன், மிச்சம் பின்னேரத்துக்குள்ள. இதை ஒக்டோபரில சொன்னா எல்லாரும் ஓமெண்டுவினம். கொட்டின அண்டைக்குச் சொன்னா அது சாட்டு.

இப்ப காசு. 17 வீடு, சீசனுக்கு 550 டொலர் எண்டு வைச்சா 9,350. ஒரு வின்டருக்கு 20 தரம் வெளிக்கிடுறம் எண்டு வையுங்கோ. கனபேர் வெளிக்கிடுறது 5 செ.மீ. கொட்டினாத்தான். ரொறன்ரோவில அதுக்கு மேல கொட்டுற நாள் ஒரு சாதாரண வருசத்தில பத்துக்குள்ளதான் வரும், ஆனா காத்து அள்ளிக்கொண்டு வந்து குவிக்கிறது, ரோட்டு வழிக்கிற சிட்டி ப்ளவ் வாசலில குவிச்சு விட்டிட்டுப் போறது, ரெண்டு மூண்டு நாளா 3, 3 ஆச் சேருறது, ரெண்டாவது சுற்று எல்லாம் சேர்த்தா அந்தளவு வந்திடும். 20 தரம், 5 மணித்தியாலம், ரெண்டு பேர், ஆளுக்கு 25 டொலர், அது 5,000. விடிய மூண்டு மணிக்கு மைனஸ் பதினைஞ்சில இதைவிடக் குறைச்சலுக்கு ஒருத்தனும் வர மாட்டான், வந்தாலும் ரெண்டு தரத்துக்கு மேல வர மாட்டான். மிச்சம் 4,350. இன்சூரன்ஸ் கூட்டிக் கட்டினது ஒரு 1,500, பெற்றோல், உப்பு, மெசினுக்குப் பெல்ட் ஷியர் பின் எண்டு இன்னொரு 1,200. கையில 1,650, அதில மெசின் வாங்கின காசையும் கழிக்கோணும். நீங்களே அந்த ரெண்டு பேரில ஒராள் எண்டா உங்கட சம்பளமும் சேரும், அதுதான் உண்மையில நீங்கள் உழைக்கிறது. இதையே 350க்குச் செய்து பாருங்கோ: 5,950 வரும், சம்பளம் போக 950, இன்சூரன்ஸுக்கே காணாது. அதால 350காரன் என்ன செய்வான், இன்சூரன்ஸ் எடுக்க மாட்டான். அவன்ர விலையைப் பார்த்து நீங்கள் இறங்கினா, அவன் எடுக்காத இன்சூரன்ஸை நீங்கள் உங்கட கையால கட்டுறீங்கள்.

உங்கட நம்பர் வேற மாதிரி வரலாம், பரவாயில்லை. ஒரு பேப்பரில நிமிசத்தையும் தூரத்தையும் எழுதிப் பாருங்கோ, அது காணும்.

ஒட்டாவாவைப் பார்த்தீங்களெண்டா விளங்கும். அங்க வருசத்துக்கு 200 செ.மீ.க்கு மேல கொட்டும், எங்களை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, ஆனா விலை ரெண்டு மடங்கு இல்லை. ஏன்? ஒரே ரோட்டில வரிசையா வீட்டுக்கு வீடு ட்ரைவ்வே கரையைக் காட்டுற, ஒரே கொம்பனியின்ர கலர்க் கம்பு குத்தியிருக்கும். ட்ராக்டருக்குப் பின்னால கவிட்டுப் பூட்டின ப்ளோவர், கராஜ் கதவுக்குக் கிட்டப் போய் இறக்கி, அப்பிடியே முன்னுக்கு ஓட்டினா ஸ்நோ முழுக்க இழுபட்டு முன் புல்லுக்குப் போகும், கொஞ்ச நிமிசத்தில ஒரு வீடு முடிஞ்சுது. எங்கட பக்கம் ட்ரைவ்வேயில எப்பவும் கார் நிக்கும், அது ட்ராக்டருக்குச் சரிவராது, ஆனா ஒரே ரோட்டில பிடிக்கிற புத்தி எல்லா ஊருக்கும் சரி. நான் ஏற்கனவே செய்யிற வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கு 50 டொலர் குறைச்சுக் குடுப்பன், ஏழு கிலோமீற்றர் தள்ளி இருக்கிற சொந்தக்காரருக்குக் குறைக்க மாட்டன். சண்டை வந்தது உண்மைதான்.

விலை எந்த மாதிரிப் போடுறது எண்டது அடுத்த தலையிடி. சீசனுக்கு ஒரே காசு, இல்லாட்டி வந்து போற ஒவ்வொரு தரத்துக்கும் காசு. 2023-24 வின்டர் கனடாவில பதிவில இருக்கிறதுக்குள்ளையே சூடான வின்டர், ஸ்நோ எண்டு பெரிசா ஒண்டும் இல்லை, தரத்துக்குக் காசு எண்டு போட்டவை எல்லாம் வீட்டில இருந்து தேத்தண்ணி குடிச்சினம். சீசன் காசு வாங்கினவை சிரிச்சினம். பேந்து 2025 பெப்ரவரி வந்துது, பத்து நாளுக்குள்ள அரை மீற்றருக்கு மேல, அள்ளி எங்க போடுறதெண்டு இடமில்லை, சீசன் காசு வாங்கினவை முதல் வருசம் சிரிச்சதுக்கெல்லாம் சேர்த்துக் குடுத்தினம். 2022 ஜனவரி 17 புயலும் அப்பிடித்தான், பொங்கல் முடிஞ்சு மூண்டாம் நாள், டவுன்டவுன் பக்கம் 55 செ.மீ. எண்டு கணக்கு. இன்னும் பழைய ஆக்களைக் கேட்டா 1999 ஜனவரியில ரொறன்ரோ மேயர் மெல் லாஸ்ட்மன் ஸ்நோ அள்ள ஆமியைக் கூப்பிட்ட கதை சொல்லுவினம்.

அதால எனக்கு ரெண்டும் வேணும். வீடுகள் சீசன் காசு, ஆனா ஒரு எல்லையோட: 22 தரத்துக்கு மேல போனா தரத்துக்கு இவ்வளவு எண்டு எழுதியிருக்கும். கடை, மண்டபம் எண்டா தரத்துக்குக் காசு, உப்பு தனி. வீட்டுக்காரர் ஆரும் தரத்துக்குக் கேட்டா 40இல தொடங்குவன், 10 செ.மீ. தாண்டினா 60, 20 தாண்டினா அண்டைக்கு எவ்வளவு நேரம் எடுக்குதோ அதுக்கு. 550ஐ 20ஆல பிரிச்சா 27 டொலர்தானே வருது, ஏன் 40 எண்டு கேப்பினம். நான் சொல்லுறது: 6 செ.மீ. கொட்டினா நீங்களே தள்ளுவீங்கள் அண்ணை, 25 கொட்டின அண்டைக்குத்தான் என்னைக் கூப்பிடுவீங்கள். சீசன் ஆக்கள் எல்லாரும் முடிஞ்ச பிறகுதான் தரத்துக்குக் கேக்கிறவைக்கு வருவன், அதையும் முதலே சொல்லுறது.

என்வயர்மென்ட் கனடாவின்ர பழைய வானிலைக் கணக்கு இன்டர்நெட்டில சும்மா கிடக்கு, பியர்சன் எயார்ப்போட்டில எந்த நாள் எத்தினை செ.மீ. எண்டு ஒவ்வொரு நாளுக்கும் இருக்கு. பத்து வின்டரை இறக்கி, 5 செ.மீ. தாண்டின நாளை எண்ணுங்கோ. நல்ல வருசம் எது கெட்ட வருசம் எது எண்டு தெரிஞ்சாத்தான் நடு விலை ஒண்டு போடலாம். ஒரு பின்னேர வேலை, ஆனா விலை போடுற ஆக்கள் ஒருத்தரும் செய்யிறேல்லை.

5 செ.மீ. எண்டது என்ன எண்டா, அதுக்குக் கீழ கொட்டினா வரமாட்டம் எண்டு எழுதுறது. இங்க கனபேர் அந்த அளவுதான் வைச்சிருக்கினம். அதோட நிக்கப்படாது. 2013 டிசம்பர் ஐஸ் மழை ஞாபகம் இருக்கோ, கிறிஸ்மஸுக்கு முந்தின வார இறுதி, ரொறன்ரோவில மூண்டு லட்சம் இணைப்புக்குக் கரண்ட் இல்லை. அண்டைக்கு ஸ்நோ எண்டு பார்த்தா ஒண்டுமில்லை, ஆனா ட்ரைவ்வே முழுக்கக் கண்ணாடி. கொன்ராக்டில ஸ்நோ மட்டும் எழுதியிருந்தா கஸ்டமர் கேக்கிறதும் நியாயம் நீங்கள் மறுக்கிறதும் நியாயம், ரெண்டு பேரும் நியாயத்தோட சண்டை பிடிக்கலாம். ஐஸுக்கு உப்பு போடுறது தனி வேலை, தனி விலை எண்டு ஒரு வரி போதும்.

மற்றது சிட்டி ப்ளவ். நாங்கள் விடிய அஞ்சுக்கு வழிச்சு முடிச்சுப் போயிருப்பம், ஒன்பதுக்கு சிட்டிக்காரன் ரோட்டை வழிச்சு ட்ரைவ்வே வாசலில வரம்பு கட்டிப்போட்டுப் போவான், ரோட்டு உப்பும் ஊத்தையும் கலந்து இறுகி அது கல்லு. சில இடங்களில சிட்டியே அந்த வரம்பைத் திறந்து விடும், எல்லா ரோட்டுக்கும் வராது, வந்தாலும் எப்ப எண்டு தெரியாது. ஒருதரம் திரும்பி வந்து எடுப்பன் எண்டு விலையிலயே சேர்த்துப் போட்டிருங்கோ, பெரிய ஸ்நோவில அது ட்ரைவ்வேயில பாதி வேலை. அதைத் திருப்பி ரோட்டில தள்ளுறது சட்டப்படி பிழை, பக்கத்து வீட்டுப் பக்கம் தள்ளினா அதைவிடப் பெரிய பிரச்சினை. எங்க குவிக்கிறது எண்டதை நவம்பரிலயே வீட்டுக்காரரோட நிண்டு பார்த்து முடிவெடுக்கோணும்.

எங்கட வீடுகளில இன்னொண்டு, கார். மேல ஒரு குடும்பம், பேஸ்மென்டில வாடகைக்கு இன்னொரு குடும்பம், யூனிவர்சிற்றி போற பிள்ளைக்கு ஒண்டு, ட்ரைவ்வேயில நாலு கார், ஒருத்தரும் மூண்டு மணிக்கு எழும்பி எடுக்க மாட்டினம், எழுப்பவும் ஏலாது. காரைச் சுத்தி வழிச்சிட்டுப் போவன், காருக்குக் கீழ இருக்கிறதும் காருக்கு மேல இருந்து நீங்கள் தட்டி விடுறதும் உங்கட பாடு எண்டு எழுதிக் கையெழுத்து வாங்கிறன். பேஸ்மென்ட் படியும் அப்பிடித்தான், அதுக்கு வேற காசு, ஏனெண்டா அதுக்குள்ள மெசின் இறங்காது, சவல்தான்.

இன்சூரன்ஸ் எண்டேன், அதில கொஞ்சம் நிக்கோணும். புல்லு வேலைக்கு எடுத்த பொலிசியில ஸ்நோ இல்லாமல் இருக்கிறது சர்வசாதாரணம். இன்சூரன்ஸ் புரோக்கருக்கு ஃபோன் அடிச்சு ஸ்நோவும் ஐஸும் சேர்ந்திருக்கோ எண்டு எழுத்தில கேளுங்கோ, பிக்கப்பில ஸ்நோ தள்ளுற ப்ளேட் பூட்டினா வாகன இன்சூரன்ஸுக்கும் சொல்லோணும். புல்லு வெட்டேக்க ஒரு கல்லுத் தெறிச்சு ஜன்னல் உடைஞ்சா சில நூறு டொலரோட போகும், இங்க ஒரு அம்மம்மா வழுக்கி விழுந்து இடுப்பு உடைஞ்சா வழக்கு. ஒன்ராறியோவில 2021 ஜனவரி 29இல இருந்து ஒரு திருத்தம் நடைமுறையில இருக்கு, ஸ்நோ ஐஸில விழுந்தவை வழக்குப் போடுறதெண்டா 60 நாளுக்குள்ள எழுத்தில அறிவிக்கோணும், வீட்டுச் சொந்தக்காரருக்கோ இல்லாட்டி ஸ்நோ எடுக்கிற கொன்ராக்டருக்கோ. முந்தி ரெண்டு வருசம் கழிச்சுக் கடிதம் வாறது, அப்ப அண்டைக்கு என்ன நடந்துது எண்டு ஆருக்கு ஞாபகம். இப்ப கொஞ்சம் பரவாயில்லை, ஆனா வழக்குப் போட ரெண்டு வருசம் இன்னும் இருக்கு, அதால ஒவ்வொரு வீட்டிலயும் முடிச்ச உடன ஒரு ஃபோட்டோ, நேரம், வெப்பநிலை, உப்பு போட்டதோ இல்லையோ. எங்கட பெடியன் கைவிறைக்குது அண்ணை எண்டு முனகுவான், முனகட்டும்.

பிளாசா (கடைத்தொகுதி) வேலை பெரிய காசு மாதிரித் தெரியும், ஆனா அவையின்ர கொன்ராக்டை வாசிச்சுப் பாருங்கோ, அங்க ஆர் விழுந்தாலும் எங்கட தலையில எண்டு வசனம் இருக்கும், அஞ்சு மில்லியன் டொலருக்கு இன்சூரன்ஸ் கவர் கேப்பினம். ஒரு பிக்கப்போட ஓடுற ஆளுக்கு அது தேவையில்லாத வேலை எண்டது என்ர அபிப்பிராயம்.

உப்பு. புல்லுக்காரன் எண்ட முறையில இதுதான் எனக்கு வயித்தெரிச்சல். கஸ்டமருக்கு வெள்ளையாக் கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் போட்ட மாதிரி, தெரியாட்டி ஏமாத்திப்போட்டான். ஒரு கோப்பிக் கப் உப்பு நடைபாதைக் கொங்கிரீற்றில 10 சதுரத்துக்குக் காணும், அதுக்கு மேல போட்டா கரையில இருக்கிற புல்லு ஏப்ரலில மண்ணிறமாச் செத்துக் கிடக்கும், அதைத் திருத்திறதும் நான்தான். சாதாரண கல்லுப்பு மைனஸ் 10க்குக் கீழ போனா பெரிசா உருக்காது, அண்டைக்கு எவ்வளவு கொட்டினாலும் வீண், கல்சியம் குளோரைட் கலந்ததுதான் வேலை செய்யும், அது விலை. புதுசா ஊத்தின கொங்கிரீற்றுக்கு முதல் வின்டரில உப்பே வேண்டாம், மண் தூவுங்கோ. உப்பு விலையும் எப்பவும் ஒரே மாதிரி நிக்காது. 2018இல ஹ்யூரன் ஏரிக்குக் கீழ இருக்கிற கொடெரிச் சுரங்கத்தில, உலகத்திலயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் அது, வேலை நிறுத்தம் நடந்து அந்த வின்டர் உப்புக்கு ஒரே ஓட்டம். அதால உப்பை சீசன் காசுக்குள்ள சேர்க்கிறேல்லை, போடுற தரத்துக்கு இவ்வளவு.

நிலம் இறுகிறதுக்கு முதல், நவம்பர் நடுவில, ட்ரைவ்வே ஓரமாக் கம்பு குத்துங்கோ. ஸ்நோ மூடின பிறகு கரை எங்க எண்டு தெரியாது, ப்ளேட் புல்லை உரிச்சுப் போட்டிடும், இன்டர்லொக் கல்லையும் கிளப்பிடும். ஸ்பிரிங்ளர் தலை எங்க எங்க இருக்கு எண்டு சம்மரில வெட்டின எங்களுக்குத் தெரியும், புதுசா வாறவனுக்குத் தெரியாது. விலை கூடச் சொல்லேக்க நான் முதல் சொல்லுற காரணம் இதுதான், உங்கட வளவு எனக்கு அத்துப்படி எண்டு.

காசு வாங்கிறது: கையெழுத்துப் போடேக்க அரைவாசி, ஜனவரி முதலாம் திகதி மிச்சம். மார்ச்சில வாங்கலாம் எண்டு விட்டா, ஸ்நோ கரைஞ்ச பிறகு காசும் கரையும். சில பேருக்கு புல்லையும் ஸ்நோவையும் சேர்த்து 12 மாசமாப் பிரிச்சுக் குடுக்கிறன், அவைக்கும் லேசு எனக்கும் ட்ரக் காசு கட்ட லேசு. தொடர்ந்து வாற நாலு காலாண்டில வருமானம் 30,000 டொலர் தாண்டினா எச்எஸ்ரி எண்ட விற்பனை வரிக்குப் பதிஞ்சு 13 வீதம் வாங்கோணும், புல்லும் ஸ்நோவும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு, ஸ்நோ தனி எண்டு நினைச்சு இருக்கப்படாது.

பேரம் பேசுறவையோட நான் கனக்கக் கதைக்கிறேல்லை. "தம்பி நாங்கள் ஊர் ஆக்கள்தானே" எண்டா, ஓம் அக்கா, அதாலதான் உங்களை முதல் பத்து வீட்டுக்குள்ள போட்டிருக்கிறன், விலை அதேதான். இதுக்குள்ள கோயில் வந்தாத்தான் கரைச்சல். வெள்ளிக்கிழமை பூசைக்கு முதல் பார்க்கிங்கை வழிச்சுத் தாங்கோ, கோயில் வேலைக்குக் காசோ எண்டு ஒரு பார்வை பார்ப்பினம். நான் மறுக்கிறேல்லை, ஆனா விலை எழுதின கொன்ராக்ட் குடுத்துக் கையெழுத்து வாங்கித்தான் செய்யிறது, வாற காசில எவ்வளவைத் திருப்பி உபயமாப் போடுறது எண்டது என்ர விசயம். அந்தப் பார்க்கிங்கில விழப்போறதும் எழுபது வயசு ஆக்கள்தான், வழக்கு வந்தா இன்சூரன்ஸ்காரனுக்குக் காட்டப் பேப்பர் இருக்கோணும்.